மெட்டு ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டில் பாடிப் பதிவு செய்த மெட்டை, அதற்குப் பின்னணியாகக் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) பரிந்துரைக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் சில நேரம் அழகாக அமைந்துவிடும். பல நேரம் பாட்டுக்கும் பின்னணிக்கும் சம்பந்தமே இருக்காது. சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நெருங்கும்போது, சமூக மன்ற மேடைக்கும் பள்ளி நிகழ்ச்சிக்கும் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் எனக்கு ஒலிக்கோப்பை அனுப்பி "என்ன தப்புன்னு பாருங்க" என்பார்கள். அவர்கள் சொல்லும் புகார்களையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது என்று கீழே எழுதுகிறேன்.

பெரும்பாலான குளறுபடி மூன்று இடங்களில் பிறக்கிறது. ஸா எது, சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) எங்கே விழுகிறது, பாட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பவை மென்பொருளுக்குத் தெரிவதில்லை. கார்டுகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கும் முன் இந்த மூன்றையும் பாருங்கள். எடுத்துக்காட்டுகள் எல்லாம் 1 கட்டையில், அதாவது சி-யை ஸாவாக வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

## "தனிக்குரலைக் கொடுத்தேன், வாய்க்கு வந்தபடி கார்டு சொல்லுது"

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை மென்பொருள் என்று பாருங்கள். கார்டிஃபை போன்றவை, வாத்தியங்களோடு முழுதாக இருக்கும் பாட்டில் என்ன கார்டு ஒலிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்பவை. தனிக்குரலில் கண்டுபிடிக்க அங்கே கார்டே இல்லை. அதனால் குரலின் மேற்சுரங்களையும் அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பிடித்து எதையோ சொல்லும்.

மைக்ரோசாஃப்ட் 2009-ல் வெளியிட்ட சாங்ஸ்மித் வேறு வகை. பாடினால் அதற்குப் பொருந்தும் கார்டைத் தானே தேர்ந்தெடுக்கும். ஹுக்பேட், ஸ்கேலர், கியூபேஸில் உள்ள கார்டு அசிஸ்டென்ட் போன்றவை ஸ்கேலை (பாட்டின் சுர வரிசையை) வைத்து அடுத்து எந்தக் கார்டு வரலாம் என்று சொல்லும். 1990-லிருந்து இருக்கும் பேண்ட்-இன்-எ-பாக்ஸின் முக்கிய வேலை, கார்டுகளை எழுதிக் கொடுத்தால் டிரம்ஸ், பேஸ், பியானோ என்று ஒரு குழுவையே வாசிக்க வைப்பது. உங்களுக்குத் தேவை சாங்ஸ்மித், ஹுக்பேட் போலக் கார்டு பரிந்துரைக்கும் வகை. கார்டு முடிவான பிறகு பேண்ட்-இன்-எ-பாக்ஸ்.

## "எதைப் பாடினாலும் ஜி-யே வருது"

இது வேடிக்கையான கோளாறு. சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் வழியாகவோ கேபிள் வழியாகவோ மின்முனகல் பதிவில் கலந்தால் அது 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கீபோர்டில் ஜி-யின் கீழ் ஸ்தாயிகள் 49, 98 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே வரும் டி ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். ஆக, யாரோ ஜி-யையும் டி-யையும் சேர்த்துப் பாட்டு முழுக்க அழுத்திக்கொண்டிருப்பதாகவே மென்பொருள் நினைக்கும்.

பாடாமல் மூச்சு வாங்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஒலியை நன்றாக உயர்த்திக் கேளுங்கள். "ம்ம்ம்" என்று கேட்டால் இதுதான் காரணம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே போய்விடும். மீண்டும் பாட முடியாத பதிவு என்றால், ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, 100-க்கும் 150-க்கும் நாட்ச் ஃபில்டர் (அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள். இந்தத் துப்புரவை ஒரு நகலில் செய்து அதை மென்பொருளிடம் கொடுத்தால் போதும். மூலக் குரலைத் தொட வேண்டாம்.

ஜி-க்குப் பதில் எப்போதும் ஸாவின் கார்டே வருகிறது என்றால் தம்பூரா செயலி ஸ்பீக்கரில் ஓடி மைக்கில் கலந்திருக்கும். சுருதியைக் காதுக்கருவியில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடுங்கள்.

வெளிச்சத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏர்கானும் மின்விசிறியும் சுரத்தைக் குழப்புவதைவிட அதை நடுங்க வைப்பதே அதிகம். விசிறியை நிறுத்த முடியாத மதியம் என்றால் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். அடுத்த வீட்டில் சுவர் உடைக்கும் வேலை நடந்தால் மாலை வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அப்புறம் குயில். கவிதையில் அதற்கு என்ன மரியாதை இருந்தாலும் சரி, விடியற்காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்குக் கீழே மரத்தில் உட்கார்ந்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவலை மென்பொருள் உங்கள் மெட்டின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

## "என் ஸா ஒரு இடம், அது சொல்லும் ஸ்கேல் வேறு இடம்"

அதிகம் வரும் புகார் இது. மென்பொருளுக்குத் தம்பூரா கேட்காது. பாட்டில் பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஒலித்தது என்று கூட்டிப் பார்த்து, அந்தக் கணக்கு எந்த மேஜர் அல்லது மைனர் ஸ்கேலோடு ஒத்துப்போகிறது என்று தேடுவதுதான் பல மென்பொருள்களின் அடிப்படை. அந்த ஒப்பீட்டுக்குப் பரவலாகப் பயன்படும் அளவுகோல், கரோல் கிரம்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும் 1982-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மேற்கத்திய இசையில் பழகிய காதுகளை வைத்து எடுத்த அளவு அது. அதில் மேஜரும் மைனரும் மட்டுமே உண்டு.

இதனால் என்ன ஆகிறது? மோகனத்தில் பாடுகிறீர்கள்: சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்து சுரமும் சி மேஜரிலும் இருக்கின்றன, எஃப் மேஜரிலும் இருக்கின்றன, ஜி மேஜரிலும் இருக்கின்றன. தைவதத்தில் கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டால் ஏ மைனர் என்றும் சொல்லிவிடும். சுத்த சாவேரி இன்னும் மோசம். ஸ ரி ம ப த என்பது சி, டி, எஃப், ஜி, ஏ. அதை எஃப்-லிருந்து எண்ணிப் பார்த்தால் அசல் மோகனம். எனவே மென்பொருள் எஃப் மேஜர் என்று அடித்துச் சொல்லும். ஹிந்தோளம் அதே கணக்கில் ஏ ஃபிளாட் மேஜர் ஆகிவிடும். கிரக பேதம் (ஸாவை வேறு சுரத்துக்கு மாற்றி வேறு ராகம் காட்டுவது) படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நாம் வேண்டுமென்று செய்வதை மென்பொருள் தெரியாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

ஏழு சுர ராகங்களிலும் இப்படித்தான். கல்யாணி ஜி மேஜர் ஆகும், ஹரிகாம்போதி எஃப் மேஜர் ஆகும், கரகரப்ரியா பி ஃபிளாட் மேஜர் ஆகும், நடபைரவி ஈ ஃபிளாட் மேஜர் ஆகும். மென்பொருள் சொன்ன ஸ்கேல் இந்தப் பட்டியலில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சுரங்களைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது, வீட்டை மட்டும் மாற்றிச் சொல்கிறது.

தானாகக் கண்டுபிடி என்ற வசதியை நிறுத்திவிட்டு ஸ்கேலை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஹுக்பேட், ஸ்கேலர் இரண்டிலும் மேஜர், மைனர் தவிர வேறு மோடுகளும் உண்டு: கல்யாணிக்கு லிடியன், ஹரிகாம்போதிக்கு மிக்ஸோலிடியன், கரகரப்ரியாவுக்கு டோரியன், தோடிக்கு ஃபிரிஜியன், கீரவாணிக்கு ஹார்மானிக் மைனர். மோடு இல்லாத மென்பொருளில் கல்யாணிக்கு ஜி மேஜரையே ஒப்புக்கொண்டு, முதல் கார்டையும் கடைசிக் கார்டையும் சி மேஜர் என்று நீங்களே போட்டுப் பூட்டி வையுங்கள். பல்லவி திரும்பும் இடங்களிலும் அப்படியே. வீடு எது என்று அந்தப் பூட்டுகள் சொல்லிவிடும்.

ஸ்கேல் இரண்டு பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே ஊசலாடுகிறதா? உதாரணமாக முதல் சரணத்துக்கு ஜி, இரண்டாவதற்கு ஜி ஷார்ப் என்று? அப்படியானால் சுருதி 5 கட்டைக்கும் ஐந்தரைக்கும் இடையில் நிற்கிறது. சுருதி இல்லாமல் பாடியிருப்பீர்கள், அல்லது தம்பூரா செயலியில் நுண்சுருதி திருகல் எங்கோ நகர்ந்திருக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மேல் ஏ 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பாடுவதுதான் சுருக்கமான வழி.

## "கார்டு நொடிக்கு நொடி மாறுது"

காரணம் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் இழுத்தும் பாடுவது. மனிதக் காது தோடியின் காந்தாரத்தை ஒரே சுரமாகக் கேட்கிறது. ஆனால் குரல் அங்கே ரிஷபத்துப் பக்கத்திலிருந்து மத்யமம் வரை போய்ப் போய் வருகிறது. மென்பொருள் அதை மூன்று நான்கு சுரமாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் நியாயம் செய்யப் பார்க்கிறது. தோடி வரை போக வேண்டாம். மெல்லிசையிலேயே சுரத்தைக் கீழிருந்து இழுத்து எடுக்கும் பழக்கம் நமக்கு நிறைய. ஒவ்வொரு இழுப்பின் தொடக்கமும் மென்பொருளுக்குத் தனிச் சுரம்.

இதற்கு மென்பொருளுக்குள் நிவாரணம் தேடாதீர்கள். வழிகாட்டி டிராக் ஒன்று தனியாகப் பாடுங்கள். அதே மெட்டு, அதே வேகம், ஆனால் கமகம் இல்லாமல், நேர் சுரமாக, வரிகளுக்குப் பதில் "லா" என்று மட்டும். சகரமும் ஷகரமும் சுரமில்லாத சீற்றம் என்பதால் அவையும் இதில் வராமல் போவது நல்லது. குழந்தை சரளி வரிசை பாடுவது போல் இருக்கும்; கேட்க நன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கார்டு அமைந்ததும் அதை நீக்கிவிட்டு உங்கள் உண்மையான குரலை அதே இடத்தில் வைத்துவிடலாம். நன்றாகப் பாடுகிறவர்களுக்கு இப்படிப் பாடச் சொன்னால் கோபம் வரும். வரட்டும். மணிக்கணக்கில் கார்டு திருத்துவதைவிட இது மேல்.

கீபோர்டு வாசிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது: வழிகாட்டியை மிடியாகவே (MIDI, ஒலிக்குப் பதில் சுரங்களை மட்டும் குறித்துவைக்கும் கோப்பு) வாசித்துவிடுங்கள். தெரியாதவர்களுக்கு, குரலை மிடியாக மாற்றும் கருவிகள் உள்ளன. மெலடைனிலும் லாஜிக்கின் ஃபிளெக்ஸ் பிட்சிலும் செய்யலாம். ஸ்பாட்டிஃபை 2022-ல் வெளியிட்ட பேசிக் பிட்ச் இலவசம், உலாவியிலேயே ஓடும். மாற்றிய பிறகு திரையில் பொடிப்பொடியாக நிறையக் கட்டங்கள் தெரியும். குட்டிக் கட்டங்களை அழித்துவிட்டு, பாட்டு நிற்கும் சுரங்களை மட்டும் நீளமாக விட்டுவையுங்கள். ஒரு வரிக்கு ஐந்தாறு சுரம் மிஞ்சினால் போதும்.

அதற்குப் பிறகும் கார்டு துள்ளினால், எத்தனை அடிக்கு ஒரு கார்டு என்ற அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் என்று இருந்தால் ஒரு பாருக்கு (bar, பெரும்பாலும் நான்கடி கொண்ட ஒரு கட்டம்) ஒன்று என்று மாற்றுங்கள். ஆதி தாளத்தில் மெதுவான பாட்டு என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு கார்டு தாராளம்.

## "கார்டு சரிதான், ஆனா தள்ளித் தள்ளி விழுது"

கோப்பில் முதல் சத்தம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் முதல் அடி என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. நம் பாட்டுகளில் பாதிக்கு எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் இருக்காது; அரை இடம் தள்ளி, ஒன்றரை தள்ளி என்று இருக்கும். கோப்பை முதல் எழுத்துக்கு முன்னால் ஒட்ட வெட்டிவிட்டால் பாட்டு முழுவதும் அந்த அரை இடம் நகர்ந்துவிடும். பார் எல்லை தவறினால் ஒரு பாரின் கடைசிச் சுரம் அடுத்த பாரின் கணக்கில் சேர்ந்து, கார்டும் தவறும். இதைச் சரிசெய்ய, கிளிக்கை (அடியைக் காட்டும் டிக் டிக் சத்தத்தை) போட்டு இரண்டு பார் சும்மா விட்டுப் பிறகு பாடுங்கள், அந்த வெற்றிடத்தை வெட்டாதீர்கள். ஏற்கெனவே வெட்டிய கோப்பு என்றால், சமத்தில் விழும் முதல் எழுத்தைத் தேடி அதை பார் தொடக்கத்துக்கு நகர்த்துங்கள்.

கிளிக் இல்லாமல் பாடிய பதிவில் முதல் வரி பொருந்தும், சரணம் வரும்போது விலகியிருக்கும். ஒவ்வொரு சமத்தையும் கையால் குறித்து டெம்போ வரைபடம் போட முடியும். ஆனால் மூன்று நிமிடப் பாட்டுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கிளிக் பிடிக்காதவர்களுக்கு ஒரு தபேலா லூப்பைக் காதில் ஓடவிட்டுப் பாடச் சொல்லுங்கள். தாளம் போட்டே பழகியவர்களுக்கு அது எளிது.

மென்பொருள் காட்டும் வேகம் உங்கள் வேகத்தைப் போல இரு மடங்காகவோ பாதியாகவோ இருந்தால் எண்ணை மட்டும் மாற்றுங்கள்: 140 என்றால் 70. தாளமே பொருந்தாதபோதுதான் யோசிக்க வேண்டும். நாம் சொல்லாமல் விட்டால் எல்லாமே நான்கடி என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொள்ளும். ஆதிக்கு அது சரி, ஒரு ஆவர்த்தனம் இரண்டு பார். ரூபகத்துக்கு மூன்றடி. திஸ்ர நடைக்கு 6/8. மிஸ்ர சாப்பு வரும்போது 7/8 வசதி இல்லாத மென்பொருளில் மூன்றடி பார் ஒன்று, நான்கடி பார் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடலாம். அதுவும் முடியாதென்றால் கார்டை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, தாளக்கட்டை வேறு இடத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். ஏழடியை எட்டடிக்கு இழுத்துப் பாடித் தருகிறேன் என்று மட்டும் போகாதீர்கள். பாட்டே மாறிவிடும்.

## "தப்புன்னு ஒண்ணுமில்லை, ஆனா ராகம் போயிடுச்சு"

மற்ற எல்லாம் சரியான பிறகு வரும் புகார் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இங்கேதான் காது வேலை செய்ய வேண்டும்.

மென்பொருள் ஒரு கார்டைத் தேர்ந்தெடுக்க இரண்டைப் பார்க்கிறது: இந்த பாரில் உள்ள சுரங்களோடு பொருந்துகிறதா, முந்தின கார்டுக்குப் பிறகு வழக்கமாக வரக்கூடியதா. இரண்டாவதை அது கற்றுக்கொண்டது பெரும்பாலும் மேற்கத்தியப் பாடல்களிலிருந்து. அங்கே சி-க்குத் திரும்புவதற்கு முன் ஜி வருவது வழக்கம். எனவே உங்கள் ராகத்தில் இடம் இருக்கிறதோ இல்லையோ, ஜி-யைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வகுப்பில் முதலில் கற்ற ராகம். சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. ஜி மேஜர் கார்டில் இருக்கும் டி இங்கே கிடையாது. அது சதுச்ருதி ரிஷபம். பாடகர் சுத்த ரிஷபத்தில், அதாவது டி ஃபிளாட்டில், நிற்கும்போது கீழே அந்த டி ஒலித்தால் பல்லில் மணல் கடித்த மாதிரி இருக்கும். ராகத்துக்குள்ளேயே கிடைக்கும் கார்டுகள் சி மேஜர், டி ஃபிளாட் மேஜர், எஃப் மைனர், ஈ மைனர் ஆகியவை. ஸாவுக்குத் திரும்பும்போது ஜி-க்குப் பதில் டி ஃபிளாட் மேஜர் போட்டுப் பாருங்கள். ரிஷபம் ஸாவில் இறங்குவதுபோலவே கார்டும் இறங்கும்.

மோகனத்தில் சிக்கல் எதிர்ப்பக்கம். ராகத்துக்குள் முழுதாக அமையும் மூன்றுசுரக் கார்டுகள் இரண்டுதான்: சி மேஜர், ஏ மைனர். அதை மட்டும் வைத்தால் பாட்டு அலுத்துவிடும். மென்பொருள் எஃப், ஜி இரண்டையும் தாராளமாகத் தரும். ஒன்றில் மத்யமம், மற்றதில் நிஷாதம், இரண்டுமே மோகனத்தில் இல்லை. நம் திரையிசையில் இப்படி வெளிச்சுரக் கார்டுகளை வைத்து அழகு பண்ணியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். எனக்கு ஜி-யில் வரும் நிஷாதம் உறுத்தாது, எஃப்-இல் வரும் மத்யமம் உறுத்தும். உங்கள் காது வேறு மாதிரி சொல்லலாம். வெளிச்சுரமே வேண்டாம் என்றால், நடுச் சுரத்துக்குப் பதில் அதன் பக்கத்துச் சுரத்தை வைக்கும் சஸ் கார்டுகள் இருக்கின்றன: சி சஸ்2, டி சஸ்4, ஜி சஸ்4 மூன்றும் மோகனத்தின் சுரங்களால் மட்டுமே ஆனவை.

எந்த ராகத்துக்கும் சோதனை ஒன்றுதான். மென்பொருள் தந்த கார்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் பாட்டு நிற்கும் சுரத்தை நீட்டிப் பாடுங்கள். குரல் தானாக நகரப் பார்த்தால் கார்டு தவறு. அப்போது கார்டில் இருக்கும் ஒவ்வொரு சுரத்தையும் ராகத்தோடு ஒப்பிட்டு, வெளியே இருப்பதை எடுத்துவிடுங்கள். பல நேரம் மூன்றுசுரக் கார்டின் நடுச் சுரத்தை எடுத்துவிட்டு ஸாவும் பஞ்சமமும் போல இரண்டை மட்டும் வைத்தாலே சரியாகிவிடும். விருத்தம் மாதிரி தாளமில்லாமல் பாடும் பகுதிக்குக் கார்டே வேண்டாம். அந்த பார்களுக்கு நோ கார்டு என்று போட்டுவிட்டு, ஸா-பா-வை மட்டும் மெல்லிய பேடில் (நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலியில்) ஓடவிடுங்கள்.

## சட்டென்று தீரும் சில

குரல் திடீரென்று சுருதி ஏறி, வேகமாகவும் ஓடுகிறது. சி-யில் பாடியது சி ஷார்ப்புக்கும் டி-க்கும் நடுவில் நிற்கிறது. நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடுகிறது. 44,100-ல் பதிவு செய்ததை 48,000-ல் ஓட்டுகிறீர்கள். மென்பொருளின் சாம்பிள் ரேட்டைக் கோப்போடு பொருத்துங்கள். இறங்கி, மெதுவாக ஓடினால் இதே கதை தலைகீழாக.

பின்னணியைக் கேட்டுக்கொண்டு பாடினால் குரல் எப்போதும் பின்தங்குகிறது. புளூடூத் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கம்பி உள்ளதைப் போடுங்கள். அப்புறமும் பின்தங்கினால், மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபர் அளவை 512-லிருந்து 256-க்குக் குறையுங்கள்.

வீட்டின் பாம் ஷெல்டர் (தடித்த சுவர் கொண்ட பாதுகாப்பு) அறைக்குள் பாடினால் சத்தம் வராது என்று போனவர்களுக்கு: வெளிச்சத்தம் வராது, உள்ளே எதிரொலி குளியலறையை மிஞ்சும். முந்தின சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் படிந்து மென்பொருள் குழம்பும். மெத்தையைச் சுவரில் சாத்தி, துணி அலமாரியை உள்ளே வைத்தால் சமாளிக்கலாம். இல்லையென்றால் துணிகள் நிறைந்த படுக்கையறையே மேல்.

கிட்டார் வாசிக்கும் நண்பர் கார்டுத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கிறாரா? ஐந்தரைக் கட்டைப் பாட்டு என்றால் மென்பொருள் ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று எழுதித் தந்திருக்கும். எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்கி ஜி, சி, டி என்று எழுதிக் கொடுத்து, கிட்டாரின் முதல் கட்டத்தில் கேபோ (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) போடச் சொல்லுங்கள்.